எல்லாவற்றையும் மாற்று

அத்தியாயம் 14

அச்சகத்து ஆட்டோ கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் வந்து நின்றதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். அதிலிருந்து மூன்று கட்டுகள் இறங்கின. கட்டுக்கு நூறு பிரதி. சிவலீலா இரண்டு வருஷம் மத்தியானத் தூக்கத்தை விட்டு எழுதிய புத்தகம் அது. கத்தரிக்கோல் தேடக்கூடப் பொறுமையில்லாமல் சணலைப் பல்லாலேயே கடித்து அறுத்தாள்.

அட்டையில் நீலத் திரை. திரைக்குள் ஒரு ஜன்னல், ஜன்னலில் ஒரு செம்பருத்தி. எல்லாம் அவள் சொன்னபடியே வந்திருந்தது. 'நம்ம கம்ப்யூட்டர்' என்ற தலைப்பும் அவள் வைத்ததுதான். தலைப்புக்குக் கீழே கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்: 'முதல்வர் திப்பேசுவாமி'.

சிவலீலா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். அடுத்த பிரதியை எடுத்தாள். அதற்கடுத்ததையும் எடுத்தாள். முந்நூறையும் எடுத்துப் பார்த்தாலும் அதே பெயர்தான் இருக்கப்போகிறது, வேறென்ன!

இன்றுதான் இந்தத் தொடருக்குள் வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. தாவணகெரே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற இந்த சென்டர் திப்பேசுவாமியுடையது. அவர் சிவலீலாவின் கணவன் விருபாட்சனுக்கு அண்ணன். சிவலீலா அவரை 'பாவா' என்று கூப்பிடுவாள். வாசல் பலகையில் காலேஜ் பிரின்சிபால் மாதிரி 'முதல்வர்' என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறாரே தவிர, அவர் மௌஸைக் கையில் பிடித்து யாரும் பார்த்ததில்லை. காலையில் ஊதுபத்தி ஏற்றுவதும் வருகிறவர்களை வாங்க வாங்க என்பதும்தான் அவர் உத்தியோகம். மெஷின்கள் படுத்துவிட்டால் எழுப்புவது விருபாட்சன். நாற்பது பெண்களுக்குப் பாடம் எடுப்பது, ஒரு காலத்தில் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்த சிவலீலா.

அந்த நாற்பதில் பாதிப்பேர் கிராமப் பஞ்சாயத்துக் குமாஸ்தாக்கள். விண்டோ, ஃபைல், எடிட் என்று ஆரம்பித்தாலே அவர்களுக்குக் கண் சொருகும். பண்டிதர்கள் உண்டாக்கிய வார்த்தைகளைச் சொன்னால் இன்னும் மோசம். அதனால் சிவலீலா ஊரில் புழங்குகிற வார்த்தைகளைத் தேடிப் போனாள். திரையில் திறந்து மூடுவது ஜன்னல். அடித்ததைப் பத்திரப்படுத்தும் கட்டளைக்கு, ஊறுகாய் போட்டு ஜாடியை மூடும் பெண்கள் சொல்வதுபோல, 'எடுத்து வை'. இப்படி இருநூற்றுப் பன்னிரண்டு வார்த்தைகள், ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பயிற்சி.

மாவட்டத்துப் பஞ்சாயத்து ஊழியர்கள் எல்லோருக்கும் இந்தப் புத்தகத்தை வைத்தே பயிற்சி என்றும், எழுதியவர்தான் நடத்துவார் என்றும் அதிகாரி தேசாய் மேடம் சொல்லிவிட்டார். இன்று மாலை நாலு மணிக்கு மண்டபத்தில் வெளியீட்டு விழா. இப்போது காலை ஒன்பதரை.

சிவலீலா பக்கங்களைப் புரட்டினாள். முன்னுரையின் கீழே கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் முதல்வர் திப்பேசுவாமி. அட்டவணை போடும் பயிற்சிக்கு அவள் வீட்டுச் சமையல் முறையையே கொடுத்திருந்தாள். அங்கே 'திங்கள், சோள ரொட்டி தட்டுவது: முதல்வர் திப்பேசுவாமி' என்றிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எண்பத்தேழாம் பக்கத்துக்கு வந்ததும் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்துவிட்டாள்.

அது கடிதம் அடிக்கும் பயிற்சி.

'ஐயா, எனக்கு இது ஏழாவது மாதம். கால் வீக்கம் குறையவில்லை. மருத்துவர் படுக்கையை விட்டு எழக்கூடாது என்கிறார். நாளை முதல் எனக்குப் பிரசவ விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, முதல்வர் திப்பேசுவாமி.'

விருபாட்சன் இரண்டு கையிலும் டீ கிளாஸோடு உள்ளே வந்தான். கட்டு பிரிந்து கிடப்பதைப் பார்த்ததும் அவன் நடை தயங்கியது.

"வந்துடுச்சா? நல்லா வந்திருக்கா லீலா?"

"பேரை யாரு மாத்தினது?"

"எந்தப் பேரை?"

"அட்டையைப் பார்த்துட்டுக் கேளுங்க."

அவன் அட்டையைப் பார்க்கவில்லை. டீயை மேஜையில் வைத்தான். "அண்ணன் ஏதோ அச்சகத்துல சொல்லியிருப்பாரு. அவரு பேருல இருந்தா சென்டருக்கு நல்லதுன்னு..."

"அச்சகத்துல ஒவ்வொரு இடமாத் தேடி மாத்த அவனுக்கு என்ன தலையெழுத்து? சமையல் அட்டவணையில கூட மாறியிருக்கு. இது ஒரே தட்டுல மாத்தினது. மேல் கட்டத்துல பழைய வார்த்தை, கீழ்க் கட்டத்துல புது வார்த்தை, எல்லாவற்றையும் மாற்றுன்னு ஒரு பட்டன். ஒன்பதாம் பாடம், நான்தான் எழுதினேன்." அவள் எழுந்து நின்றாள். "பாவாவுக்கு அந்த மெஷினைத் தட்டி எழுப்பக்கூடத் தெரியாது. மாத்தி முடிச்சதும் ஒரு சின்ன ஜன்னல் வந்து எண்ணிக்கை சொல்லுமே, எத்தனை இடம்னு சொல்லிச்சு?"

"நாப்பத்தொண்ணு" என்று விருபாட்சன் சொல்லிவிட்டான்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. பாவி மனுஷன்! பதினோரு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவன். அவள் கண்விழித்து அடித்தபோது காபி போட்டுக் கொடுத்தவனும் இவனேதான். அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

"நாப்பத்தொரு தடவை என் பேரை அழிச்சிருக்கீங்க."

"ஒரு தடவைதான் லீலா. ஒரு பட்டன்தான்..."

"வெட்கமா இல்லை உங்களுக்கு?"

"அண்ணன் ராத்திரி பகலா நச்சரிச்சாரு. சென்டர் அவரோடது. நாம அவரு வீட்டுல இருக்கோம். உன் ஃபைலை நான் தொடல, சத்தியமா. வேற பேருல நகல் எடுத்து, அந்த நகல்லதான் மாத்தினேன். உன்னோடது அந்த மூலை மெஷின்ல அப்படியே இருக்கு."

"ரொம்பப் பெரிய மனசு!" அவள் புத்தகத்தை அவன் மார்பில் அழுத்தினாள். "எண்பத்தேழாம் பக்கம். படிங்க."

அவன் படித்தான். ஏழாவது மாதம் என்கிற இடத்தில் வாய் கோணியது. 'இப்படிக்கு' என்பதற்குக் கீழே வந்ததும் அடக்கமாட்டாமல் புஸ்ஸென்று சிரித்துவிட்டான். "அய்யய்யோ, அண்ணனுக்குப் பிரசவ லீவா!"

சிவலீலா சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். மறுபடி கடிதத்தைப் பார்த்தான். மேலே தேதி இருந்தது. ஆறு வருஷத்துக்கு முந்தைய ஆடி மாதத்துத் தேதி.

"இது... நீ கோர்ட்டுக்கு எழுதினதுதானே?"

"ஆமா. நீங்கதான் சைக்கிள்ல கொண்டு போய்க் குடுத்தீங்க. லீவு கிடைச்சுது. குழந்தைதான் தங்கல." அவள் குரல் உடையவில்லை, ஏறியது. "வயித்துல அவ இருந்தான்னு சொல்றதுக்கு என்கிட்ட இருந்தது அந்தக் கடிதத்தோட நகல் ஒண்ணுதான். அதுவும் கரையான் அரிச்சுப் போச்சு. மனப்பாடமா இருந்ததை அடிச்சு இதுல வச்சேன். அதுலயும் உங்க அண்ணன் பேரா?"

"நான் பார்க்கல லீலா. சத்தியமா நான் படிக்கவே இல்லை."

"அதைத்தான் நானும் சொல்றேன். ரெண்டு வருஷமா எழுதறேன், ஒரு பக்கம் படிக்கல நீங்க. அழிக்க மட்டும் வந்தீங்க."

விருபாட்சன் அங்கேயே நின்றான். டீ ஆறி ஆடை கட்டியது.

பதினோரு மணிக்குத் திப்பேசுவாமி வந்தார். புதுப் பட்டு ஜிப்பா, கழுத்து வரைக்கும் அத்தர் வாசனை. பின்னாலேயே அவர் மனைவி கிரிஜா, கையில் மண்டக்கிப் பொரியும் மிளகாய் பஜ்ஜியும் கட்டிய பொட்டலம். கிரிஜா இந்த வீட்டுக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. அவள் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நானே கேட்டதில்லை.

"ஆஹா, வந்தாச்சா!" என்று திப்பேசுவாமி ஒரு பிரதியை எடுத்து அட்டையைத் தடவினார். "பாரு கிரிஜா, எவ்வளவு எடுப்பா இருக்கு!"

"என் புத்தகத்துல உங்க பேர் எதுக்கு பாவா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். இந்தக் கேள்விக்குத் தயாராகத்தான் வந்திருந்தார். "அட, பேருல என்னம்மா இருக்கு? உன் பேரு, என் பேரு எல்லாம் ஒரே குடும்பம்தானே. வெளியில போனா ஒரு முதல்வர் எழுதினதுன்னாத்தான் நாலு பேரு மதிப்பாங்க. வீட்டுப் பொம்பளை எழுதினதுன்னு சொன்னா எவன் தொடுவான்?"

"பேருல ஒண்ணும் இல்லேன்னா என் பேரே இருந்துட்டுப் போகட்டுமே."

"வாய் நீளுது!" அவர் குரலை உயர்த்தினார். "மெஷின் யாரோடது? கரண்ட் யாரோடது? நாளெல்லாம் என் நாற்காலியில உட்கார்ந்து தட்டினே, நான் ஒரு வார்த்தை கேட்டேனா? டேய் விரு, உன் பெண்டாட்டிக்கு எடுத்துச் சொல்லு."

விருபாட்சன் தரையைப் பார்த்தான்.

"அவருகிட்ட எதுக்கு பாவா? எண்பத்தேழாம் பக்கத்தை நீங்களே படிச்சுப் பாருங்க. உங்க கடிதம்தான்."

திப்பேசுவாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஒரு தடவை படித்தார். உதடு அசைய மறுபடி படித்தார். காது சிவந்தது. பக்கத்தில் எட்டிப் பார்த்த கிரிஜா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"என்னடா இது! எனக்கு ஏழாவது மாசமா? முந்நூறு பேரு முன்னால... அந்தம்மா இதைத் திறந்து படிச்சா நான் எங்கடா போய் முட்டிக்கறது?" தம்பியைச் சட்டையோடு பிடித்து உலுக்கினார். "பார்த்து மாத்தணும்னு தெரியாதா, முட்டாள்!"

அச்சகத்துக்குப் போன் போட்டார். மறுபடி அச்சடிக்க நாலு நாள் ஆகும் என்றார்கள். விழாவைத் தள்ளிவைக்க முடியாது, அதிகாரி கிளம்பிவிட்டார். கடைசியில் அச்சகத்துக்காரனே ஒரு வழி சொன்னான். பிழை திருத்தம் என்று ஒரு துண்டுச் சீட்டு அடித்து ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள், எல்லோரும் செய்வதுதானே என்றான்.

திப்பேசுவாமியின் குரல் உடனே வெண்ணெயாக இளகியது. "லீலா, நீதான் மளமளன்னு அடிப்பியே. ஒரு சீட்டு அடிச்சு ஒட்டிடும்மா. அந்தப் பக்கத்துல தப்பு இருக்குன்னு ரெண்டு வரி போதும். குடும்ப மானம் உன் கையில இருக்கு."

சிவலீலா அவரையே பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். "சரி பாவா. தப்பைத் திருத்தி ஒட்டிடறேன்."

"அதான் நல்ல பிள்ளைக்கு அழகு!" அவர் தம்பியை மைக் செட் கட்ட அனுப்பிவிட்டு, அதிகாரியை வரவேற்கச் சுற்றுலா மாளிகைக்குக் கிளம்பினார்.

அவர் வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் கிரிஜா வாயைத் திறந்தாள். "ஒட்டாதே லீலா."

"என்னக்கா?"

"ஒட்டாதேங்கறேன். மேடையில வச்சு அந்தம்மா அதைப் படிக்கட்டும். ஊரே வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கட்டும். இருபது வருஷமா நான் ரொட்டி தட்டறேன், ஒரு நாள் அவரு தட்டினதா அச்சுல வந்தா வரட்டுமே!"

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு அக்கா. ஆனா அந்தக் கடிதத்தைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. அது என்னோடது."

கிரிஜாவுக்குப் புரிந்தது. ஆறு வருஷத்துக்கு முன் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் சிவலீலாவைத் தாங்கிப் பிடித்தவள் அவள். வேறு ஒன்றும் கேட்காமல் பின்கட்டுக்குப் போய் ஸ்டவ்வில் மைதாப் பசை கிண்ட ஆரம்பித்தாள்.

சிவலீலா மூலை மெஷினில் உட்கார்ந்தாள். புது ஜன்னல் ஒன்றைத் திறந்தாள். அடித்தாள். கோபத்தில் விரல்கள் விசைப்பலகையில் டமடமவென்று விழுந்தன. ஒரு காகிதத்துக்கு எட்டு சீட்டாக நகல் ஒட்டி, பிரிண்டரை ஓட விட்டாள். மத்தியான வகுப்புக்கு வந்த பெண்கள் கேள்வி கேட்காமல் சுற்றி உட்கார்ந்து வெட்டினார்கள்.

முதல் சீட்டைக் கையில் எடுத்த கிரிஜா எழுத்துக் கூட்டிப் படித்தாள். பசைக் கரண்டி அப்படியே நின்றது. சிவலீலாவைப் பார்த்தாள்.

"நல்லா ஒட்டுமா இந்தப் பசை?" என்று கேட்டாள் சிவலீலா.

"உரிச்சா பக்கமே கிழியும்" என்றாள் கிரிஜா. "இன்னொரு பிடி மைதா போடறேன்."

நாலு மணிக்கு மண்டபம் நிரம்பிவிட்டது. மேடையில் திப்பேசுவாமி நடுநாயகமாக இருந்தார், கழுத்தில் ஏலக்காய் மாலை. சீட்டு ஒட்டியாயிற்றா என்று கண்ணாலேயே கேட்டார். சிவலீலா முன் வரிசையிலிருந்து தலையாட்டினாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. படிக்கிற வழக்கம் இருந்தால்தானே! விருபாட்சன் மேடையோரம் ஆம்பிளிஃபையர் பக்கத்தில் குந்தியிருந்தான்.

தேசாய் மேடம் ரிப்பனை அவிழ்த்துப் புத்தகத்தைத் திறந்தார். முதல் பக்கத்துச் சீட்டைப் பார்த்ததும் அவர் புருவம் உயர்ந்தது. மைக்கில் அப்படியே படித்தார்.

"'பிழை திருத்தம். இந்தப் புத்தகத்தின் அட்டையிலும் உள்ளே நாற்பத்தோரு இடங்களிலும் முதல்வர் திப்பேசுவாமி என்று தவறாக அச்சாகியிருக்கிறது. எல்லா இடத்திலும் சிவலீலா என்று திருத்திப் படிக்கவும். இதை எழுதியவர் அவரே.'"

படித்துவிட்டு நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார்.

"யாரு சிவலீலா?" என்றார் மேடம்.

திப்பேசுவாமி பாய்ந்து எழுந்தார். முகத்தில் சிரிப்பு, நெற்றியில் வியர்வை. "அது ஒண்ணுமில்லீங்க மேடம். அச்சகத்துக்காரன் குளறுபடி. சிவலீலா எங்க சென்டர் டைப்பிஸ்ட். நான் சொல்லச் சொல்ல அடிச்சவ."

"நான் டைப்பிஸ்ட்டா?" சிவலீலா எழுந்துவிட்டாள். உட்கார் உட்கார் என்று யாரோ பின்னாலிருந்து முந்தானையை இழுத்தார்கள். அவள் உதறினாள். "மேடம், அவரு சொல்லி நான் அடிச்சேன்னா உள்ள இருக்கிறது அவருக்குத் தெரிஞ்சிருக்கணும். எந்தப் பக்கத்திலிருந்து வேணும்னாலும் கேளுங்க. முதல்ல அவரைக் கேளுங்க."

மேடத்துக்கும் அது நியாயமாகப் பட்டிருக்கவேண்டும். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்தார். "இங்க 'தையல் பிரி'ன்னு ஒண்ணு இருக்கே, அது என்ன திப்பேசுவாமி?"

"அது வந்து... தையல் மெஷின் வகுப்புக்கு வர்ற பெண்களுக்கு ஒரு பாடம் மேடம். அவங்களும் முன்னேறணும் இல்லையா?"

பெண்கள் வரிசையில் ஒரு சிரிப்பு வெடித்தது. நாற்பது பெண்களும் தரையில் உட்கார்ந்து மனப்பாடம் செய்த பாடம் அது.

"நீங்க சொல்லுங்க" என்றார் மேடம், சிவலீலாவைப் பார்த்து.

"தப்பா ஒண்ணு அடிச்சுட்டா அதை வாபஸ் வாங்கற கட்டளை மேடம். பத்து நாளா வார்த்தை கிடைக்கல. சௌக்கிப்பேட்டையில மெஹபூபி ரவிக்கை தைக்கிறப்போ தப்பா ஓடின தையலைப் பிரிச்சுக்கிட்டிருந்தா. கடைசித் தையலைத்தான் முதல்ல பிரிக்கணும், அப்புறம் அதுக்கு முந்தினதுன்னு சொன்னா. மெஷினும் அப்படித்தான் செய்யுது. அதான் அந்தப் பேரு வச்சேன்."

"மேலே வாங்க" என்றார் மேடம்.

அவள் மேடையேறினாள். யாரும் நாற்காலி போடவில்லை, அவளும் கேட்கவில்லை. மைக்கைப் பிடித்தாள். "என் பேரு சிவலீலா. இந்தப் புத்தகத்தை எழுதினது..."

திப்பேசுவாமி தம்பியைப் பார்த்துக் கையை வெட்டுவதுபோல் காட்டினார். சிவலீலா அதைப் பார்த்தாள். விருபாட்சனும் அவளைப் பார்த்தான். அவன் கை ஆம்பிளிஃபையர் மேல் இருந்தது. ஒரு நிமிஷம், அவன் மாட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். இப்போதும் நினைத்தாள் பாருங்கள்!

அவன் திருகினான். மைக் செத்தது.

அவள் மைக்கைக் கீழே வைத்தாள். ஃபேன் சத்தத்தையும் பிரிண்டர் சத்தத்தையும் மீறி நாற்பது பேருக்குப் பாடம் நடத்திய குரல் அது, அதற்கு மைக் எதற்கு?

"எழுதினது நான்! இதுல ஒரு வார்த்தை என் வீட்டு ஆம்பளைங்க வாயிலருந்து வரல. உங்ககிட்டயிருந்து வாங்கினேன். ஊறுகாய் போடறவங்க, தைக்கிறவங்க, பஞ்சாயத்து ஆபீஸ்ல கட்டுக் கட்டா ஃபைல் சுமக்கறவங்க, எல்லாருக்கும் நான் கடமைப்பட்டிருக்கேன். வேற யாருக்கும் இல்லை. என் பேரை எடுத்துட்டு இன்னொருத்தர் பேரைப் போட்டவங்க இந்த மண்டபத்துக்குள்ளதான் இருக்காங்க. அவங்க செய்யறதுக்கு முன்னால ஒரு தடவை இதைப் படிச்சிருக்கலாம். படிச்சிருந்தா கை வந்திருக்காது. இல்லை, வந்திருக்குமோ என்னமோ! எனக்கு இப்போ அதுவும் தெரியல."

பெண்கள் தட்டிய கைத்தட்டலில் மேடை அதிர்ந்தது. கிரிஜா புருஷன் பார்க்கப் பார்க்க எழுந்து நின்று தட்டினாள்.

தேசாய் மேடம் இறங்கும்போது சிவலீலாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "திங்கட்கிழமை உங்க பேருக்கு ஆர்டர் வரும். புத்தகத்தைச் சரியான பேர்ல மறுபடி அச்சடிக்கணும். அசல் ஃபைலை எடுத்துக்கிட்டு ஆபீசுக்கு வந்துடுங்க. அதுல தேதியெல்லாம் இருக்குமில்லையா? உங்க முதல்வர் சும்மா விடமாட்டாரு போலிருக்கு."

சும்மா விடுகிற ஆளா அவர்! மாலையைக் கழற்றி வீசிவிட்டுத் தம்பியின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சிவலீலா செருப்பைத் தேடும்போது கிரிஜா பக்கத்தில் வந்து உரசிக்கொண்டு நின்றாள்.

"அந்த மூலை மெஷின்ல இருக்கிறதை இன்னிக்கே அழிச்சுடுன்னு சொல்றாரு. சாவி உன் புருஷன்கிட்டதான் இருக்கு."

சிவலீலா வெளியே ஓடினாள். விருபாட்சன் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் உதைப்பதை நிறுத்தினான்.

"லீலா, அண்ணன் கண்ணைக் காட்டினாரு, எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியல. கை தானாப் போயிடுச்சு. வா, வீட்டுக்குப் போகலாம். உட்கார்ந்து பேசிக்கலாம்."

"சென்டர் சாவியைக் குடுங்க."

"எதுக்கு?"

"அண்ணன் அழிக்கச் சொன்னதுக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

சாவிக் கொத்து அவன் விரலில் தொங்கியது. அவள் கையை நீட்டினாள். அவன் கொடுக்கவும் இல்லை, இழுத்துக்கொள்ளவும் இல்லை. அவளே அதை உருவிக்கொண்டாள்.

"லீலா, நில்லு. நீ மண்டபத்துக்குக் கிளம்பினதும் அந்த மெஷின்ல நான் ஒண்ணு..."

"என்ன செஞ்சீங்க?"

அவன் மண்டப வாசலைத் திரும்பிப் பார்த்தான். திப்பேசுவாமி படியில் நின்று இவர்களையே முறைத்துக்கொண்டிருந்தார். விருபாட்சனின் வாய் மூடிக்கொண்டது.

சிவலீலா அதற்குமேல் காத்திருக்கவில்லை. கையைத் தட்டி ஆட்டோவை நிறுத்தினாள். ஏறி உட்கார்ந்தாள். விருபாட்சன் ஸ்கூட்டரை ஸ்டாண்டில் போட்டுவிட்டு ஓடிவந்து ஆட்டோவின் கம்பியைப் பிடித்தான், ஒரு காலை உள்ளே வைத்தான்.

டிரைவர் திரும்பிப் பார்த்தான். "ரெண்டு பேராம்மா?"

"இல்லைப்பா" என்றாள் சிவலீலா. "ஒரு ஆளுதான்."